திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டுங்கள்

காஞ்சிபுரத்தில் கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கு,



பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, செவிலிமேடு என்று ஊரெங்கும் சாயங்காலம் விளக்கெரியும் உங்கள் கிளினிக்குகளை நம்பித்தான் இந்த ஊர் இருக்கிறது. முகத்துதிக்காகச் சொல்லவில்லை. நான் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவள். அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றால் ஒரு பகல் போய்விடும். தறியில் உட்காராத பகலுக்குக் கூலி கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் காசு. அதனால் தறிக்குழியிலிருந்து காலை எடுத்த பிறகு, இடுப்பு வலியோ காய்ச்சலோ சர்க்கரையோ, எல்லாவற்றுக்கும் உங்களிடம்தான் வருகிறோம். இரவு ஒன்பதரைக்கும் கதவைத் தட்டினால் திறக்கிறீர்கள். கையில் பணம் இல்லாதவரிடம் "சேலை போட்டதும் கொடுங்க" என்று சொல்லி அனுப்பும் டாக்டர்களை எனக்குத் தெரியும்.

அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கிளினிக்கில் ஊசி போடும் இடத்தையும், கருவிகளைச் சுத்தம் செய்யும் இடத்தையும், கழிவைப் போடும் மூலையையும் வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து சரிபார்க்க இடம் கொடுங்கள். அவர் கண்டதை எழுதி வாசலில் மாட்டுங்கள்.

இந்தக் கோரிக்கைக்கு ஒரு காரணம் வாணியம்பாடி. பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூரும் ஆம்பூரும் தாண்டினால் வருகிற ஊர். நம் ஊரைப் போலவே கைத்தொழிலை நம்பி வாழும் ஜனங்கள். 2022-23இல் திருப்பத்தூர் மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 21 பேருக்கு மூளையையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் ஒரு தொற்று வந்தது. காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளுதல் என்று ஆரம்பித்தது. அவர்களில் பத்துப் பேர் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், தமிழகப் பொது சுகாதாரத் துறையும் சேர்ந்து துருவிப் பார்த்து, 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் அந்த ஆய்வை வெளியிட்டன.

அவர்கள் கண்டது என்ன என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், உங்கள் கிளினிக்கில் காத்திருக்கும் என் போன்றவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஒரு சலைன் பாட்டில். வாயைக் கழுவப் பயன்படுத்திய சாதாரண உப்புநீர். எலும்பின் மேல் சவ்வை விலக்கும் கருவியால் அந்தப் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே அடுத்தடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலேயே, மண்ணிலும் நீரிலும் வாழ்கிற பர்கோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா கிடைத்தது. பல் வலிக்குப் போனவர்கள் பிணமாக வந்தார்கள்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவரை எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். கூட்டம் நிற்கிறது, கைக்கு அகப்பட்ட கருவியால் பாட்டிலைத் திறந்து வேலையை முடிப்போம் என்ற பழக்கத்தைச் செய்கிறவரே கவனிப்பதில்லை.

"முப்பது வருஷமா கிளினிக் வெச்சிருக்கேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லை." இதை உங்களில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மனதாரத்தான் சொல்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள் டாக்டர், ஒன்று ஆகியிருந்தால் அது உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஹெபடைட்டிஸ் பி உடம்புக்குள் நுழைந்து வெளியே தெரிய ஆறு மாதம்வரை ஆகலாம். ஹெபடைட்டிஸ் சி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, அந்த ஆள் சென்னை ஸ்டான்லிக்கோ ராஜீவ் காந்தி மருத்துவமனைக்கோ போவார். "எப்போதாவது ரத்தம் ஏற்றினீர்களா" என்று அங்கே கேட்பார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ராஜ வீதியில் இடுப்பு வலிக்குப் போட்ட ஊசி யாருக்கு நினைவிருக்கும்? பழி உங்கள் வாசலுக்கு வரவே வராது, பாடமும் வராது. வாணியம்பாடியில் வெளிச்சத்துக்கு வந்ததற்குக் காரணம், நோய் மிக வேகமாகக் கொன்றதும், ஒரே மாதிரி நோயாளிகள் அடுத்தடுத்து வந்ததைக் கவனிக்கும் கண்கள் வேலூரில் இருந்ததும்தான். மெதுவாகக் கொல்லும் கிருமியாக இருந்திருந்தால் அந்தப் பாட்டில் இன்னும் மேசைமேல் இருந்திருக்கும்.

2009இல் குஜராத்தின் மோடாசாவில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். திரும்பப் பயன்படுத்திய சிரிஞ்சுகள்தான் காரணம் என்று தெரிந்தது. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில், ஒரே ஊசியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டவரால் ஏழை ஜனங்களுக்கு எச்.ஐ.வி. வந்தது. அடுத்த ஆண்டே பாகிஸ்தானின் ரத்தோதெரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு. இவையெல்லாம் படிப்பில்லாத போலிகளின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2002-03இல் இந்தியா முழுவதும் ஊசி போடும் முறையை ஆராய்ந்தபோது, போடப்பட்ட ஊசிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்று தெரிந்தது. டிஸ்போசபிள் சிரிஞ்சு மலிந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரிஞ்சு மாறியது. சிரிஞ்சைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் மாறிவிட்டதா?

பெஞ்சில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் படுகிறவற்றைச் சொல்கிறேன். பல பேருக்குப் போடும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே நிற்கும். யார் வந்தாலும் அதில் சிரிஞ்சை மாட்டி உறிஞ்சிக்கொள்வார்கள். அந்தக் குப்பி என்றைக்குத் திறந்தது என்று அதன்மேல் தேதி இருக்காது; திறந்தால் 28 நாளுக்குமேல் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாததா? மருந்து கரைக்கக் காலையில் திறந்த சலைன் பாட்டில் இரவு வரை அங்கேயே இருக்கும். மூச்சிரைக்கும் குழந்தைக்கு நெபுலைசர் வைத்த மாஸ்க், தண்ணீரில் ஒரு அலசு அலசி அடுத்த குழந்தையின் முகத்துக்குப் போகும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் பேனா ஒன்றேதான்; உள்ளே இருக்கும் லான்செட் ஊசியை மாற்றினார்களா என்று கேட்டால் முறைப்பார்கள். காய்ந்த ரத்தத் துளியில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும் என்று படித்த நாளிலிருந்து அந்தப் பேனாவைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கட்டியைக் கீறும் கத்தி, தையல் போடும் கிடுக்கி, காது பார்க்கும் கருவி எல்லாம் என்ன ஆகின்றன? சில இடங்களில் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறது, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பல இடங்களில் கருவிகளைக் கொதிக்க வைக்கும் அந்தப் பழைய தட்டுப் பெட்டிதான். கொதிநீர் எல்லாக் கிருமியையும் கொல்லாது, வித்துகளைத் தொடாது என்பதை உங்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே படித்துவிட்டீர்கள். 121 டிகிரியில், அழுத்தத்தோடு, கால் மணி நேரமாவது நீராவி பட வேண்டும். சைடெக்ஸ் கிருமிநாசினிக் கரைசலில் போட்டுவைத்தால் போதும் என்றால், முழுதாகக் கிருமி நீக்க அது பத்து மணி நேரம் ஊற வேண்டும். ஏழு மணிக்கு ஒருவருக்குத் தையல், ஏழரைக்கு இன்னொருவருக்குத் தையல் என்றால் அந்தப் பத்து மணி நேரம் எங்கே?

இந்த வேலையெல்லாம் நீங்கள் செய்வதில்லை, உங்களிடம் வேலை பார்க்கும் பெண்கள் செய்கிறார்கள். பெரும்பாலும் நம் தெருப் பெண்கள்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, தறி வேண்டாம் என்று, மாதம் ஏதோ ஒரு சம்பளத்துக்கு வருகிறார்கள். வந்த முதல் வாரத்தில் பழைய அக்கா எப்படிக் காட்டினாரோ அதுதான் அவர்களுக்குப் படிப்பு. ஊசியைத் திரும்ப மூடும்போது விரலில் குத்திக்கொண்டால் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரில் கழுவிக்கொள்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாத பத்துப் பேரில் மூன்று பேர்வரை நோய் பெறலாம். அவர்களுக்குத் தடுப்பூசி போட்டீர்களா? மூன்று தவணைதான் டாக்டர். சரிபார்ப்பு வேண்டும் என்று நான் கேட்பது எங்களுக்காக மட்டுமல்ல, அந்தப் பெண்களுக்காகவும்தான்.

கழிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் படுக்கையே இல்லாத சிறு கிளினிக்குக்கும் பொருந்தும். மஞ்சள் பை, சிவப்புப் பை, ஊசிக்குத் துளைபடாத வெள்ளை டப்பா, கண்ணாடிக்கு நீலம், 48 மணி நேரத்துக்குமேல் தேக்கக் கூடாது. விடியற்காலையில் தெருக்குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் உள்ளங்கையைப் பார்த்தால், எத்தனை ஊசிகள் வெள்ளை டப்பாவுக்குப் போகாமல் இட்லி மாவுக் கவரோடு சேர்ந்து போகின்றன என்று தெரியும். 2024 டிசம்பரில் கேரளத்தின் மருத்துவக் கழிவைத் திருநெல்வேலி கிராமங்களில் கொட்டியபோது தமிழகமே கொதித்தது, சரிதான். நம் வாசல் குப்பைத் தொட்டியைப் பற்றியும் அதே கொதிப்பு வேண்டாமா?

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லத்தான் வேண்டும். "ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவது நாங்கள்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அந்த டாக்டர் சரியில்லை என்று அடுத்த தெருவுக்குப் போகிறவர்களும் நாங்கள்தான். நாளைக்குத் தறியில் உட்கார வேண்டும் என்ற அவசரம் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் கெஞ்சினாலும் தேவையில்லாத ஊசியை மறுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. தேவையில்லாத ஊசியைக் குறைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். மறுக்கிற டாக்டரை நாங்கள் விட்டுப் போகாமலிருக்க, தெருத்தெருவாகப் பேசும் வேலையை என்னைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்கிறோம்.

"அரசாங்கம்தான் சோதனை போடுகிறதே" என்பீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் வந்ததோ 2018இல். இருபத்தோரு வருடம் சட்டம் தாளில் தூங்கியது. இப்போது நீங்கள் பணம் கட்டி, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு செய்து, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்தச் சான்றிதழ் பதிவு செய்த நாளின் நிலைமையைச் சொல்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஆட்டோகிளேவ் ஓடியதா என்று சொல்லாது. மாவட்டத்தில் உள்ள அத்தனை கிளினிக்கையும், ஸ்கேன் சென்டரையும், லேப்பையும் பார்க்க வேண்டிய அதிகாரிகள் எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பாருங்கள். 2015இல் தொடங்கிய காயகல்ப் என்ற திட்டத்தில் அவர்கள் முதலில் தங்களைத் தாங்களே மதிப்பிடுகிறார்கள். பிறகு பக்கத்து நிலையத்தார் வந்து மதிப்பிடுகிறார்கள். அதன்பின் வெளியிலிருந்து குழு வருகிறது. சுத்தம், கழிவு, தொற்றுத் தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எழுபது சதவீதம் எடுத்தால்தான் பரிசுக்கே தகுதி. ஏழைகள் வரும் அரசு நிலையம் மூன்று கண்களுக்கு முன்னால் நிற்கிறது. நாங்கள் காசு கொடுத்து வரும் இடத்தை ஒரு கண்கூடப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரின் கிளினிக்கைக்கூட ஒரு தனி ஆணையம் நேரில் வந்து ஆராய்கிறது. "மிகச் சிறப்பு" முதல் "போதாது" வரை நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுக்கிறது. கிடைத்த தரத்தை நோயாளிகள் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அங்குள்ள மருத்துவர்களும் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஒட்டுகிறார்கள்.

நம் ஊருக்கே இது புதிதில்லை. நாங்கள் நெய்யும் ஜரிகையில் நாற்பது சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் தங்கமும் இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்ல அரசின் ஜரிகை ஆலை இங்கேயே இருக்கிறது. பரம்பரை பரம்பரையாக நெய்கிற வீட்டுச் சேலையையும் சோதிப்பார்கள். என்னை நம்பவில்லையா என்று எந்த நெசவாளியும் கோபித்துக்கொண்டதில்லை. சோதித்த சேலைக்குத்தான் ஊருக்கு வெளியே பெயர். ஒரு சேலைக்கு உள்ள சோதனை எங்கள் ரத்தத்தில் ஏறும் மருந்துக்கு வேண்டாமா?

உங்கள் தயக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. வெளியாளை உள்ளே விட்டால், ஒரு சின்னக் குறையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு ஊரைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், பணியில் இருந்த ஒரு புற்றுநோய் மருத்துவரை ஒருவர் கத்தியால் குத்தினார். அதைக் கேட்டுக் கைதட்டிய குரல்களும் வந்தன, கேட்டு வெட்கப்பட்டேன். மருத்துவர்மேல் கைவைப்பது எந்த வருத்தத்தாலும் நியாயமாகாது. அதனால்தான் கூட்டமாக வந்து பார்ப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆத்திரத்தில் வருகிறவர் ஒரு நல்ல நாளில், முறைப்படி, பட்டியலோடு வருவதில்லை. முறைப்படி சோதனை நடக்கும் ஊரில் வதந்திக்கு இடம் குறையும். ஒருவருக்கு ஊசி போட்ட இடம் சீழ்பிடித்தால், "இதோ என் பதிவேடு, இதோ போன மாதச் சோதனை" என்று எடுத்து நீட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே?

இன்னொரு வருத்தத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். இந்த ஊரில் ஒரு கிளினிக்கில், என் அம்மாவுக்கு ஊசி போடும் முன் சிரிஞ்சுக் கவரை எங்கள் எதிரில் பிரிக்கச் சொன்னேன். "அவ்வளவு சந்தேகம்னா வேற இடம் பாத்துக்கோங்க" என்றார்கள், பத்துப் பேர் முன்னால். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று. கேட்டவள் குற்றவாளிபோல் தலைகுனிந்து நிற்கிற நிலைமை இருக்கும்வரை எங்கள் ஜனங்கள் கேட்க மாட்டார்கள். பட்டுப்போகிற உயிருக்கும் கணக்கு இருக்காது. உங்கள் சுவரில் "கவரைப் பிரிப்பதை நீங்கள் பார்க்கலாம், கேட்கலாம்" என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டால் அந்தத் தலைகுனிவு அன்றைக்கே போய்விடும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. உங்கள் மருத்துவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். காயகல்ப் பட்டியலை எடுத்து, சிறு கிளினிக்குக்குப் பொருந்தாததைக் கழித்து, ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள். கிருமி நீக்கும் முறையும் அதன் பதிவேடும், திறந்த குப்பியில் தேதியும் சலைன் பாட்டிலும், கை கழுவ சோப்பும் தண்ணீரும், ஊசி டப்பாவும் கழிவு வண்டியின் ரசீதும், பணிப்பெண்களின் தடுப்பூசி அட்டையும், தீப்பிடித்தால் வெளியேறும் வழியும் அதில் இருந்தால் போதும். ஆட்டோகிளேவ் உண்மையிலேயே கொல்கிறதா என்று வித்துச் சோதனை ஒன்று மாதாமாதம் செய்யுங்கள். நிறம் மாறும் டேப் சூடு பட்டதை மட்டும்தான் சொல்லும். முதல் சுற்றில் நீங்களே ஒருவர் கிளினிக்குக்கு இன்னொருவர் போங்கள். பிள்ளையார்பாளையத்து டாக்டர் ஓரிக்கைக்கு, ஓரிக்கை டாக்டர் செவிலிமேட்டுக்கு. உங்களோடு, மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு தெரிந்த செவிலியர் ஒருவரும் உங்கள் தொழிலில் இல்லாத ஊர்க்காரர் ஒருவரும் வரட்டும். அந்த ஊர்க்காரர் கூட்டுறவுச் சங்க உறுப்பினராகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருக்கலாம். படம் எடுக்க வேண்டாம். குறை கண்டால் சரிசெய்ய ஒரு மாதம் கொடுங்கள். மாதம் முடிந்தபின், சரியானதும் சரியாகாததும் சேர்த்து அந்த ஒரு பக்கத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், உங்கள் பதிவுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

ஆட்டோகிளேவ் வாங்கப் பணம் இல்லாத சின்ன கிளினிக் இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று பாருங்கள். கன்சல்டேஷன் கட்டணத்தில் பத்து இருபது ரூபாய் ஏற்றித்தான் இதைச் செய்ய முடியும் என்றால் ஏற்றுங்கள். எதற்கு என்று சொல்லிவிட்டு ஏற்றுங்கள். கொடுப்போம்.

வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவைக்கு ஊர் நிரம்பும். வெளியூர்க் குழந்தைகளும் வயதானவர்களும் வெயிலில் மயங்கி உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். அதற்கு முன் முதல் சுற்று முடியட்டும். யார் முதலில் கதவைத் திறக்கிறீர்களோ, அந்த மருத்துவரின் கிளினிக்குக்கு வரும் ஊர்க்காரராக நான் வரத் தயார். எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

உங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும்
பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண்